மலர், உன் பேரிலேயே நடி

அன்புள்ள மலருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். சுங்கை சிப்புட்டில் மழை விடவே இல்லை, அப்பாவுக்குச் செம்பனைக் குலை வெட்டு தள்ளிக்கொண்டே போகிறது. சரி, அதை விடு.

நடிப்பதற்காகப் பேரை மாற்றிக்கொள்ளப் போகிறேன் என்று போனில் சொன்னாயே, அதிலிருந்து மனசே சரியில்லை. சொந்தக்காரர்கள் வாய்க்குப் பயந்துதானே?

பி. கே. ரோசி என்று ஓர் அம்மா இருந்தார். திருவனந்தபுரத்துப் பக்கம் புல் அறுத்துப் பிழைத்த புலையர் குடும்பம். காக்கரிசி என்ற நாட்டுப்புற நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவரை ஜே. சி. டேனியல் 'விகதகுமாரன்' படத்துக்குக் கதாநாயகியாக அழைத்துவந்தார். மலையாளத்தின் முதல் படம், பேசாத படம். டேனியல் உன் தாத்தா ஊருக்குப் பக்கம், அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர்.

ரோசி அம்மாவுக்கு சரோஜினி என்ற மேல்சாதி நாயர் பெண் வேஷம். அதுதான் வினையாகிப் போனது. புலையப் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று கொதித்தார்கள். கேபிடல் தியேட்டரில், கதாநாயகன் அவர் தலையில் இருந்த பூவை எடுத்து முத்தமிடும் காட்சி வந்ததும் திரை மேல் கல் பறந்தது. அப்புறம் அவர் குடிசைக்கும் தீ வைத்தார்கள். லாரி ஏறித் தமிழ்நாட்டுக்கு ஓடிவந்து, அந்த லாரி ஓட்டியவரையே கட்டிக்கொண்டு, ரோசி என்ற பேரை விட்டு ராஜம்மாள் என்ற பேரிலேயே வாழ்ந்து முடித்தார். மறுபடி நடிக்கவில்லை. படச்சுருளும் இன்று இல்லை. டேனியல் பேரில் கேரள அரசு 1992-லிருந்து விருது கொடுக்கிறது. ரோசி அம்மாவை கூகுள் தன் முகப்பில் வரைந்து போட 2023 ஆனது. எனக்கு இது ஆறவே இல்லை மலர்.

உன் பாட்டியையும் சொல்ல வேண்டும். தோட்டத்து மாரியம்மன் திருவிழா நாடகத்தில் அல்லி ராணி வசனம் முழுக்க அவருக்கு மனப்பாடம். ஆனால் பொம்பளை மேடை ஏறக் கூடாது. பாட்டியின் அரக்குச் சேலையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு பக்கத்து லயத்து மாமா ஒருவர் அல்லியாக நின்றார். பாட்டி கீழே பாயில் உட்கார்ந்து, ஒவ்வொரு வசனத்துக்கும் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார். நான் அவர் மடியிலிருந்து அந்த வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோசி அம்மா உயிர் பிழைக்கப் பேரை விட்டார். உன்னை யாரம்மா துரத்துகிறார்கள்? அப்பா வைத்த பேரையே போடச் சொல். அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ ஒத்திகையைப் பார். படம் காட்டும் தேதி தெரிந்ததும் சொல், கோலாலம்பூருக்கு பஸ் டிக்கெட் எடுக்க வேண்டும். அப்பாவும் வருகிறாராம்.

அன்புடன்,
அம்மா