ஏற்றுக்கூலியையும் கணக்கில் சேர்த்ததற்கு நன்றி

பேராசிரியர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் எங்கள் கல்லூரிக்கு வந்து நீங்கள் பேசியதைப் பற்றித்தான் துறையில் இன்னும் பேச்சு. குவாண்டம் கணினியோடு மெஷின் லேர்னிங்கைச் சேர்த்துவிட்டால் எல்லாம் நொடியில் முடிந்துவிடும் என்று அடித்துச் சொல்பவர்களையே மாணவர்கள் இதுவரை கேட்டிருக்கிறார்கள். உங்கள் ஆராய்ச்சியே குவாண்டம் மெஷின் லேர்னிங்தான். ஆனாலும் எங்கே வேகம் கிடைக்காது என்பதற்குப் பாதி நேரத்தை ஒதுக்கினீர்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆத்தங்குடி டைல்ஸ் ஒன்றைப் படமெடுத்து 16க்கு 16 என்று சுருக்கினால் 256 புள்ளிகள். 2-ஐ எட்டு முறை பெருக்கினால் 256 என்பதால், அத்தனையும் 8 கியூபிட்டில், அதாவது குவாண்டம் கணினியின் எட்டே பிட்டில், அடங்கும் என்றதும் பின்வரிசையில் ஒரே ஆரவாரம். “சரி, உள்ளே எப்படி ஏற்றுவீங்க?” என்று கேட்டீர்கள். சத்தம் அடங்கிவிட்டது. ஒழுங்கில்லாத படம் என்றால் அதை ஏற்றவே கிட்டத்தட்ட அதே 256 அளவுக்குப் படிகள் வேண்டும். அளந்து பார்த்தால் கையில் கிடைப்பது 8 பிட். அளந்ததுமே உள்ளே இருந்தது கலைந்துவிடுவதால், அடுத்த தடவைக்கு மறுபடியும் ஏற்ற வேண்டும். 2009இல் ஹாரோ, ஹாசிடிம், லாயிட் மூவரும் நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கத் தந்த குவாண்டம் அல்காரிதத்துக்கும் இந்த ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி உண்டு என்றீர்கள். வரவு செலவு பார்த்தே வளர்ந்த ஊர்ப் பிள்ளைகள், சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

அப்புறம் ஈவின் டாங் கதை. ஒருவருக்குப் பிடிக்கக்கூடிய படம், பொருள் போன்றவற்றைப் பரிந்துரை செய்யும் வேலைக்கு 2016இல் கெரெனிடிஸும் பிரகாஷும் ஒரு குவாண்டம் அல்காரிதம் தந்தார்கள். சாதாரணக் கணினியால் அந்த வேகத்தை எட்ட முடியாது என்று நிரூபிக்கப் புறப்பட்ட மாணவி டாங், 2018இல், 18 வயதில், எட்டுவதற்கு வழி இருக்கிறது என்று காட்டிவிட்டார். “அப்ப அந்தக் குவாண்டம் ஆராய்ச்சி வீணா மேடம்?” என்று பள்ளத்தூர் மாணவி ஒருத்தி கேட்டாள். அது இல்லாவிட்டால் இந்தப் புது வழி யாருக்கும் தோன்றியிருக்காது என்றீர்கள். அவள் இப்போது டாங்கின் கட்டுரையைத்தான் வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். 8 கியூபிட்டைச் சிமுலேட் செய்ய எங்கள் லேப் கணினியே தாராளம். இறுதியாண்டு பிராஜெக்டாக, அதே டைல்ஸ் படங்களைக் குவாண்டம் சர்க்யூட்டிலும் வழக்கமான முறையிலும் வகைப்படுத்தி, ஏற்றும் செலவோடு ஒப்பிடச் சொல்லலாம் என்றிருக்கிறேன். வழக்கமான முறை ஜெயித்தால் அதையும் அப்படியே எழுதட்டும். படங்களை நாங்கள் எடுத்துவிடுகிறோம். எந்த சர்க்யூட்டில் தொடங்கலாம் என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
கணினித் துறை ஆசிரியர், காரைக்குடி