எங்கள் ஊர்க் குளத்தில் நல்ல தண்ணீர் நிற்க உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

மேற்கு வங்காளத்தில் தெற்கு 24 பர்கானா மாவட்டம், கோசாபா ஒன்றியத்துத் தீவு ஒன்றிலிருந்து இதை எழுதுகிறேன். நான் திருப்பூர்க்காரி. 2009 மே மாதம் ஐலா புயல் ஆற்றுக்கரையை உடைத்து வயலெல்லாம் உப்பாகிப் போனபோது, பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டுக்கு வந்த பிள்ளைகளில் என் வீட்டுக்காரரும் ஒருவர். ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தோம், கட்டிக்கொண்டோம், பிறகு அவர் ஊருக்கே வந்துவிட்டோம். எங்கள் குளக் குழுவில் பதினோரு பேர். தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் இந்த வேலை என்னிடம் வந்தது. உங்கள் தெருவில் சென்ட்ரிங் வேலை பார்க்கும் பையன் எங்கள் தீவுக்காரனாகவே இருக்கலாம்.

சுந்தரவனத்தின் இந்தியப் பகுதியில் 102 தீவுகள். அதில் 54-இல் மனிதர்கள் இருக்கிறோம், மற்றதெல்லாம் காடு. கோசாபா ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள். 2011 கணக்கெடுப்புப்படி ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புலி. ஆனால் புலியைவிட எங்களை அன்றாடம் படுத்துவது உப்புத்தண்ணீர்தான். ஆற்று வண்டல் படிந்து நிலம் உயர்வதற்கு முன்பே அந்தக் காலத்தில் காட்டை வெட்டிக் கரை கட்டிவிட்டார்கள். அதனால் கடல் ஓதம் ஏறும்போது ஆற்று மட்டம் எங்கள் வயலைவிட மேலே நிற்கும். தினமும் இரண்டு தடவை. கரை மட்டும்தான் நடுவில்.

2020-இல் ஆம்பன் வந்தது. அடுத்த வருடம் மே 26, பௌர்ணமி அன்று யாஸ் வந்தது. பௌர்ணமி ஓதமும் புயலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கரை உடையக்கூட இல்லை, தண்ணீர் அதன் மேலேயே வழிந்து வந்தது. மதியத்துக்குள் எங்கள் பொதுக் குளம் ஆறாகிவிட்டது. மூன்றாம் நாள் கெண்டையும் ரோகுவும் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. அந்த நாற்றம் இன்னும் நினைவில் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் முதல் மழை விட்டதும் என் மாமியார் படியில் இறங்கி, ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பார். துப்பிவிட்டு, "எக்கோனோ நோனா" என்பார். இன்னும் உப்புதான் என்று அர்த்தம். மழைக்காலத்தில் பரவாயில்லை. பங்குனி, சித்திரையில் தண்ணீர் இறங்க இறங்க உப்பு ஏறும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. குளித்தால் உடம்பு அரிக்கும். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். குடிக்க ஆழ்குழாய் இருக்கிறது, ஆயிரம் அடிக்கு மேல் இறக்கினால்தான் இங்கே நல்ல தண்ணீர். அது நடந்து போகிற தூரத்தில் ஒன்றே ஒன்று. குடிப்பதற்கு அங்கே சுமக்கலாம். மாட்டுக்கும் பாத்திரத்துக்கும் கீரைப் பாத்திக்கும் எத்தனை குடம் சுமப்பது? இந்தத் தீவில் குளம் என்பது பாதி வீடு.

என்ன செய்யப் போகிறோம் என்று சொல்கிறேன். குளம் 120 அடிக்கு 80 அடி. வெள்ளம் கொண்டுவந்து போட்ட உப்புச்சேறு அடியில் இறுகிக் கிடக்கிறது. மாசியில் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு, நாலடி தோண்டுகிறோம். அதற்கு மேல் தோண்டினால் அடியிலிருந்தே உப்பு ஊறும் என்கிறார்கள் பெரியவர்கள், அதனால் அந்த அளவோடு நிறுத்துகிறோம். மேலே எடுக்கிற உப்புச்சேற்றைக் கரையில் போடக் கூடாது. மழையில் கரைந்து திரும்பவும் குளத்துக்கே வந்துவிடும். அது தள்ளிப் போய் ஒரு பெரிய மேடாகிறது. அடுத்த வெள்ளத்தில் மாடுகளையும் குழந்தைகளையும் ஏற்றி நிறுத்த அந்த மேடு உதவும். கீழே வரும் நல்ல களிமண் கரைக்கு. முதல் மழைத் தண்ணீரைத் தேங்க விட்டு, உப்பு கரைந்ததும் ஒரு தடவை வடித்துவிட வேண்டும். அதற்கு ஒரு குழாயும் அடைப்பும். பெண்கள் இறங்க செங்கல் படித்துறை. அவ்வளவுதான்.

இந்த மண்ணுக்குக் கூட்டு வேலை புதிதில்லை. 1903-இல் டேனியல் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து வியாபாரி இங்கே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கூட்டுறவுப் பண்ணை அமைத்தார். 1936-இல் அவர் ஒரு ரூபாய் நோட்டே அச்சடித்தார். அதைக் கூட்டுறவுக் கடையில் கொடுத்தால் அரிசி, துணி, எண்ணெய் கிடைக்கும். அந்த நோட்டுக்குப் பின்னால் தங்கம் இல்லை, நிலத்தைத் திருத்தும் மனிதர்களின் உழைப்புதான் இருந்தது. தாகூர் 1932 டிசம்பரில் இதையெல்லாம் பார்க்க வந்து தங்கிய மர பங்களா கோசாபாவில் இன்னும் இருக்கிறது.

எங்கள் பாடாவில், அதாவது எங்கள் குடியிருப்பில், 85 வீடுகள். வீட்டுக்கு 500 ரூபாயும் ஆறு நாள் மண் வேலையும் என்று காட்டுத் தெய்வம் பொன்பீபியின் கோயில் திண்ணையில் உட்கார்ந்து முடிவு செய்தோம். காட்டுக்குத் தேன் எடுக்கப் போகிறவர்கள் இந்துவானாலும் முஸ்லிமானாலும் பொன்பீபியைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். ஊர்க் கூட்டமும் அங்கேதான். ஆண் துணையில்லாத ஒன்பது வீடுகளுக்கு மண் வேலை வேண்டாம் என்றோம். அதில் ஏழு வீட்டுப் பெண்கள் கூடையோடு வருவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

மொத்தச் செலவு 3,40,000 ரூபாய். வீட்டு வரி 42,500. வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளைகள் அனுப்பியது 60,000. இன்னும் 2,37,500 வேண்டும். டீசல், மண் வெட்டும் இயந்திர வாடகை, செங்கல், சிமென்ட், குழாய், இவைதான் பெரிய செலவு. செங்கல் இங்கே படகில் வர வேண்டும், ஏற்றுகூலியும் இறக்குகூலியும் தனி. அரசுத் திட்டத்துக்கும் மனு கொடுத்திருக்கிறோம். அது வந்தால் கரைக்குக் கல் பதிக்கலாம். வரும்வரை காத்திருந்தால் இன்னொரு சித்திரை போய்விடும்.

உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். ஐம்பது ரூபாயும் எங்களுக்குப் பணம்தான். இந்தக் கடிதம் யார் மூலம் உங்கள் கைக்கு வந்ததோ அவரிடமே தரலாம், ரசீது உண்டு. பணம் குழுவின் வங்கிக் கணக்கில் இருக்கும். இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது, அதில் ஒருவர் கட்டாயம் பெண். வரவு செலவைப் படகுத்துறை டீக்கடைச் சுவரில் வாராவாரம் எழுதுவோம். அதைப் படம் எடுத்துத் தமிழில் விளக்கி நானே உங்களுக்கு அனுப்புகிறேன்.

தை முடிவதற்குள் பணம் வந்தால் நல்லது. ஆனி பிறப்பதற்கு முன் மழை இறங்கிவிடும், அதற்குள் கரை இறுக வேண்டும்.

நேரில் பார்க்க ஆசைப்பட்டால் தாராளமாக வாருங்கள். சியால்தாவில் ரயில் ஏறி கேனிங், அங்கிருந்து ஆட்டோவில் கத்காலி, அப்புறம் படகு. வருகிற நாளை முன்கூட்டியே சொல்லுங்கள், மீன்குழம்பு வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
குளக் குழுவினர் சார்பில்