பருத்தித்துறைக்குக் கிளம்பும் முன்

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை சொந்தங்களுக்கு வணக்கம்.

வரும் மாசியில் இலங்கையின் வடமுனையான பருத்தித்துறையில் ஏறி, தென்முனையான தெய்வேந்திரமுனை வரை 500 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் மிதிக்கப் போகிறோம். சேரும் பணம் மன்னார் வளைகுடாத் தீவுகளில் விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கிப் பாசி எடுக்கும் நம் அக்காமாரின் வைத்தியச் செலவுக்கு. ஏற்பாடெல்லாம் ஒருவழியாக முடிந்தது.

முதல் நன்றி தங்கச்சிமடத்து நாட்டுப்படகு மாமாவுக்கு. எந்த முனையில் தொடங்குவது என்று நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, "மாசியில வாடை மிச்சம் இருக்கும்டா. வடக்க இருந்து இறங்குனா முதுகுல தள்ளும், எதுத்து வந்தா நெஞ்சுல ஏறி உக்காரும்" என்றார். அதோடு வழக்கு தீர்ந்தது. தனுஷ்கோடி ரோட்டில் எதிர்காற்றில் மிதித்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையை நாங்கள் நினைக்கவே இல்லை. நமக்கு அடிக்கிற மழைதான் யாழ்ப்பாணத்துக்கும். நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பலும் அப்போது நின்றுவிடும்.

அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். 1964 புயல் வரைக்கும் தனுஷ்கோடியிலேயே கப்பல் ஏறினார்கள். நாங்கள் நாகப்பட்டினம் போய்ச் சுற்ற வேண்டும், அதுவும் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து. இடது பெடலின் மரை மட்டும் எதிர்ப்பக்கம் சுழலும் என்பதில் தொடங்கி எல்லாம் கற்றுக்கொடுத்த மண்டபம் சைக்கிள் கடை அண்ணனுக்கு நன்றி. கூலி வாங்க மறுத்ததற்கு மட்டும் கோபம் உண்டு.

ராமநாதபுரத்து ஆடிட்டர் அக்கா இல்லையென்றால் பணம் திரட்டியே இருக்க முடியாது. அன்னியர் நன்கொடையை வாங்கத் தனி அனுமதி வேண்டும். வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம்மவர் இந்தியக் குடிமக்கள், சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அதில் சேராது என்று புரியவைத்தார். துபாயிலிருந்து அனுப்பிய கீழக்கரைக் காக்காமாருக்கு (அண்ணன்மாருக்கு) நன்றி. பணம் தர வந்த யாழ்ப்பாணத்து நண்பர்களிடம் வாங்க வழியில்லை. தெல்லிப்பளைப் புற்றுநோய் மருத்துவமனைக்குக் கொடுங்கள் என்றோம். அதுவும் 2011-ல் அந்நாட்டில் முனைக்கு முனை நடந்து திரட்டிய பணத்தில் எழுந்ததுதான்.

பெயர் போட வேண்டாம் என்று சொன்ன ஒரு வீடு பாம்பனில் இருக்கிறது. அவர்கள் படகு அக்கரையில் பிடிபட்டு இன்னும் திரும்பவில்லை. அந்த வீட்டிலிருந்தும் பணம் வந்தது. பருத்தித்துறையில் எங்களுக்கு முதல் ராத்திரி சோறும் படுக்கையும் தருகிறவரோ நம் பக்கத்து விசைப்படகுகளின் இழுவைமடியில் வலை அறுபட்ட மீனவர். இரண்டு பேருமே எங்களிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. இவர்களுக்கு எப்படி நன்றி எழுதுவதென்று எனக்குப் பிடிபடவில்லை.

வரவு செலவு நோட்டு மண்டபம் சைக்கிள் கடையில் இருக்கும். பணம் தந்தவர்கள் மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
பயணக் குழுவுக்காக,
பாம்பன்