கலையைக் கொன்றவர்கள் வரிசையில் நிற்பவன் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், மென்பொருள் வேலையை உதறிவிட்டு முழுநேர இசைக்கலைஞராகிவிட்ட ஒரு சென்னை இளைஞரைப் பற்றி இரண்டு பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். தம்பி நன்றாக இருக்கட்டும். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் கட்டுரையாளர் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: ‘மாதச் சம்பளம் என்ற கூண்டுக்குள் உட்கார்ந்து தங்கள் கலையைக் கொன்றவர்களின் வரிசையில் நிற்க அவர் விரும்பவில்லை.’

அந்த வரிசையில் நிற்கிறவன் நான். மின்வாரியத்தில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நாகஸ்வரம் வாசிக்கிறவன். கொலைப்பழி சுமத்துவதற்கு முன் எங்களில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எங்கள் வீடு திருவாவடுதுறைக்குச் சைக்கிள் மிதிக்கிற தூரம். அது நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் ஊர் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1947-ல் டெல்லியில் சுதந்திர விழாவுக்கு வாசித்தவர். அவருக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி பாரி நாயனம், அதாவது சுருதி தாழ்ந்த நீளமான நாகஸ்வரம், செய்து கொடுத்த கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு முன் எல்லோரும் வாசித்தது திமிரி. குட்டையானது, சுருதி உச்சத்தில் நிற்கும். இன்றைக்கும் அந்த ஊரில் பழைய வீட்டு உத்தரத்து ஆச்சா மரத்தை வாங்கி வந்துதான் நாயனம் கடைகிறார்கள். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது தாங்கள் உள்பக்கத்தில் நான்கு வரி போட்டீர்கள். நாயனத்தின் வாயில் செருகி ஊதுகிற சீவாளியைச் செய்கிறவர்களைப் பற்றி இதுவரை ஒரு வரியும் பார்த்த நினைவில்லை. மென்பொருள் வேலையை விட்டுவிட்டுச் சீவாளி செய்ய வந்தால் ஒருவேளை இரண்டு பக்கம் கிடைக்குமோ என்னவோ.

என் அப்பா கோயில் மேளம். விடியலில் பூபாளம், சுவாமி புறப்பாட்டுக்கு கம்பீரநாட்டையில் மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி என்று நாள் முழுக்க அவருக்குக் கோயிலோடு வேலை இருந்தது. கூலி நெல்லாக வந்தது, பிறகு கொஞ்சம் பணமாக வந்தது, பிறகு எப்போதாவது வந்தது. பிள்ளைகள் இருவருக்கும் நாயனத்தைக் கையில் கொடுத்தவரே என்னை ஐடிஐ-யிலும் கொண்டு போய்ச் சேர்த்தார். அண்ணன் தொழிலுக்கே வந்துவிட்டான்.

இங்கேதான் உங்கள் கட்டுரையாளரிடம் ஒரு கணக்குக் கேட்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. மற்ற மாதங்களில் ஒரே நாளில் நான்கு அழைப்பு வரும், அடுத்த பத்து நாள் வெறும் நாளாகப் போகும். வாங்கிய அச்சாரத்தில் தவில்காரருக்கு, தாளக்காரருக்கு, வேன் வாடகைக்கு என்று பிரித்தது போக மிஞ்சுவதில்தான் அண்ணன் குடும்பம் நடந்தது. ரிசப்ஷனில் யாராவது சீட்டு எழுதி அனுப்பினால் அவன் சினிமாப் பாட்டு வாசித்தாக வேண்டும். அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டுமே! நான் அப்படிச் சீட்டு வந்தால் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தோடி ராகத்தைத் தொடர்வேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், ஒன்றாம் தேதி எனக்குச் சம்பளம் வரும். எங்கள் இருவரில் நல்ல விரல் அண்ணனுடையது. இதை எந்தச் சபையிலும் சொல்வேன். ஆனால் தோடியை ஆற அமர வாசிக்க முடிந்தது எனக்குத்தான். கூண்டில் இருந்தது யார் என்று உங்கள் கட்டுரையாளர் சொல்லட்டும்.

வேலை என்னிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல மாட்டேன். எல்.சி. (லைனில் மின்சாரத்தை நிறுத்தி வேலை பார்க்க அனுமதி) வாங்கிக் கம்பம் ஏறிவிட்டு வந்த கையோடு சாதகம் பண்ண உட்கார்ந்தால் விரல் துளை தேடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கம் கம்பம் நடப் போனவர்களில் நானும் ஒருவன். அந்தக் கார்த்திகையில் ஒப்புக்கொண்டிருந்த வாசிப்பெல்லாம் போயிற்று. பெரிய வித்வான்கள் காலையில் மூன்று மணி நேரம் சாதகம் செய்வார்கள், எனக்கு அது வாய்த்ததில்லை. அதனால் முதல் வரிசைக்கு வரவில்லை. அதைக் கொலை என்று சொல்வீர்களா? கோயில் திருவிழாவில் பத்து பேர் நின்று கேட்கிற மாதிரி வாசிக்கிறவன் எல்லோரும் கொலைகாரன் என்றால், எங்கள் மாவட்டத்தில் சிறைச்சாலை போதாது.

எழுத்தாளர் சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்கு உள்ளவர். 2016-க்கு சாகித்ய அகாதெமி விருது பெற்ற வண்ணதாசன் வங்கியில் வேலை பார்த்தவர். இவர்கள் கொன்ற கலை எது என்று தெரிந்தால் தேவலை. முழுநேரமாக எழுத்தையே நம்பிய புதுமைப்பித்தன் 1948-ல் காசநோயோடு போனபோது வயது 42. அவருடைய மேதைமையில் எனக்கு ஐயமில்லை. உங்கள் இணைப்பிதழ் சொல்லும் ‘பிடித்ததைச் செய், பணம் பின்னால் வரும்’ என்ற சூத்திரத்தில்தான் ஐயம். அவருக்குப் பின்னால் வந்தது எது?

எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் எலக்ட்ரிக் மேளம் வைத்தார்கள். சுவிட்சைத் தட்டினால் மணி, முரசு, சேகண்டி எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்கும். அதற்கு இணைப்புக் கொடுக்கப் போனவன் நானேதான், பணி அது. அப்பா வந்து பார்த்துவிட்டு, “இதுக்கு நெல்லும் அளக்க வேண்டாம், வேட்டியும் எடுத்துக் குடுக்க வேண்டாம்” என்றார். கலையைக் கொன்றவர்களைப் பட்டியல் போடுவதென்றால் அந்த மோட்டாரிலிருந்து தொடங்கலாம். கல்யாண மண்டபத்து டிஜே-யையும், நூறு மைலுக்கு அப்பாலிருந்து வரவழைக்கிற செண்டை மேளத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். டிசம்பரில் தாங்கள் வெளியிடும் இசைவிழா மலரும் உண்டு: பாட்டுக்காரர்களுக்கு முழுப்பக்கப் படம், நாகஸ்வரத்துக்கு ‘மங்கள இசையுடன் விழா தொடங்கியது’ என்ற அரை வரி. வாசித்தவர் பெயரைக் கூடப் போடுவதில்லை.

மென்பொருள் தம்பியின் கட்டுரைக்கு மறுபடியும் வருகிறேன். பதினோராவது பத்தியில், யாரும் கவனிக்காத இடத்தில், ‘அப்பாவின் வீட்டு மாடியில் ஸ்டூடியோ’ என்று ஒரு வார்த்தை வருகிறது. வாடகை இல்லை. மனைவி இன்னமும் வேலைக்குப் போகிறார், அதுவும் ஒரு வார்த்தையில். அப்படியானால் ஒரு சம்பளம் அந்த வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது ஐயா, வாங்குகிற ஆள்தான் மாறியிருக்கிறார். அந்தப் பெண்ணைக் கூண்டில் இருப்பவர் என்று உங்கள் கட்டுரையாளர் எழுதவில்லை. எதிர்ப்பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் முழுப்பக்க விளம்பரம்: நூறு சதவீத வேலைவாய்ப்பு. தங்கள் அலுவலகத்துக்கும் ஒன்றாம் தேதி உண்டு என்பதை அந்தப் பக்கம் நினைவூட்டியது.

இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்பீர்கள். அண்ணன் மகள் பாலிடெக்னிக்கில் இ.இ.இ. (மின்னியல்) மூன்றாம் வருடம் படிக்கிறாள். சாயங்காலம் என்னிடம் நாயனம் பயில்கிறாள். பெண் வாசிப்பதில் எங்களுக்கு அதிசயமில்லை, மதுரை பொன்னுத்தாய் அம்மாள் எப்போதோ வழி போட்டுவிட்டார். இந்தப் பிள்ளைக்கு அவள் அப்பாவின் விரல் அப்படியே வாய்த்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழை எடுத்துக்கொண்டு வந்து, “சித்தப்பா, நீங்க மட்டும் வேலைக்குப் போகாம இருந்திருந்தா பெரிய வித்வான் ஆகியிருப்பீங்கல்ல?” என்றாள். அதோடு, கடைசி செமஸ்டரை எழுதாமல் விட்டுவிட்டு மாவட்ட அரசு இசைப்பள்ளியில் சேரலாமா என்றும் கேட்டாள். இரண்டு பக்கக் கட்டுரைக்கு இவ்வளவு சக்தி இருப்பது பத்திரிகைக்குப் பெருமைதான். அவள் அப்பாவுக்குப் பல் ஆட்டம் கண்டதிலிருந்து சீவாளி நிற்பதில்லை, வாசிப்பதை நிறுத்தி ஆயிற்று. ஓய்வூதியம் என்று ஒன்று கிடையாது. 2003 ஏப்ரலுக்கு முன் வேலையில் சேர்ந்ததால் எனக்குப் பழைய ஓய்வூதியம் வருகிறது. அந்தப் பிள்ளைக்குப் புது நாயனம் நரசிங்கம்பேட்டையில் வாங்கியது அந்தக் கூண்டுப் பணத்தில்தான்.

இசைப்பள்ளியில் சேராதே என்று நான் சொல்லவில்லை. செமஸ்டரை எழுதிவிட்டுச் சேர் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறாள். இனிமேல் இப்படி ஒருவரைப் பற்றி எழுதும்போது, வீட்டு வாடகை யார் கொடுக்கிறார், அரிசி யார் வாங்குகிறார் என்பதை முதல் பத்தியிலேயே போடச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். தாங்கள் செய்ய மாட்டீர்கள் என்று தெரியும். ஆகவே உடனே செய்யக்கூடிய ஒன்றை மட்டும் கேட்கிறேன். கட்டுரையோடு ‘நம் மண்ணின் நாகஸ்வரம்’ என்று தலைப்பிட்டு ஒரு படம் போட்டிருக்கிறீர்கள். அது ஷெனாய். நாயனத்தின் அணசு, அதாவது அடியில் விரிந்த வாய், மரத்தில் இருக்கும், ஷெனாயின் வாய் உலோகத்தில் இருக்கும், நீளத்திலும் பாதிதான். நாளைய இதழில் ஒரு திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் ஊழியர்,
குத்தாலம் வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்.
(நாகப்பட்டினம் மாவட்டம் என்று போட்டுவிட வேண்டாம். 2020-லேயே பிரித்துவிட்டார்கள்.)