எடை பார்க்கும் நாளில் எங்களோடு நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை அம்மாவின் மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். அன்று அம்மாவின் எடை 46 கிலோ 200 கிராம். வெளியில் யாரிடம் சொன்னாலும் "இவ்வளவுதானா?" என்றுதான் கேட்பார்கள். இந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை பேருடைய கை இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். தனித்தனியாக வந்து சொல்ல முடியவில்லை, அதனால் இந்த மடல்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களுக்குக் கமுதிப் பக்கம் ஒரு கிராமம். களை எடுக்கப் போகும்போது வாயில் வெற்றிலையும் புகையிலையும் போட்டு அடக்கிக்கொள்வது அம்மாவின் முப்பது வருடப் பழக்கம். இடது கன்னத்தின் உள்பக்கம் வந்த புண் ஆறவே இல்லை. சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து வாரம் கழித்து மதுரையில் கதிர்வீச்சு ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் அதைக் 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம், மொத்தம் 30 தடவை. கூடவே வாரம் ஒரு ஊசி மருந்து (கீமோ). மருத்துவமனைக்குப் பின்தெருவில் ஓர் அறை எடுத்துத் தங்கினோம்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் அம்மா 52 கிலோ. கரண்டு ஆரம்பித்த அன்று 48. இரண்டாவது வாரக் கடைசியில் 45.

அந்த மூன்று கிலோ போனதில் என் பங்கு பெரிது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் 'குழைவான உணவு' என்று இரண்டே சொல்தான் இருந்தது. மிச்சத்தைச் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். முட்டை புண்ணுக்கு ஆகாது, பால் சளி, மீன் கொடுத்தால் சீழ் பிடிக்கும், இனிப்பு கொடுத்தால் கட்டி திரும்ப வளரும். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அறுத்த உடம்புக்குப் பத்தியம் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். நானும் பயந்துபோய் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். கடைசியில் மிஞ்சியது கஞ்சித் தெளிவு, இளநீர், சாத்துக்குடிச் சாறு. இதற்குள் வாயெல்லாம் வெந்து, எச்சில் விழுங்கவே அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும் நிலை வந்துவிட்டது. "சோறு மண்ணு மாதிரி இருக்குடி" என்று தட்டைத் தள்ளிவிடுவார்.

முதல் நன்றி கதிர்வீச்சு அறையில் வேலை பார்க்கும் அந்தத் தம்பிக்கு. கரண்டு வைக்கும்போது தலை அசையாமல் இருக்க முகத்துக்கு வலை போன்ற ஒரு பிளாஸ்டிக் முகமூடி உண்டு. வெந்நீரில் போட்டு இளக்கி, அவரவர் முகத்தில் அழுத்தி அச்செடுத்துச் செய்வார்கள். முதல் நாள் அது அம்மாவின் கன்னத்தில் வரிவரியாகப் பதிகிற அளவுக்கு இறுக்கமாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் அந்தத் தம்பி என்னை உள்ளே கூப்பிட்டு, முகமூடிக்கும் தாடைக்கும் நடுவில் தன் இரண்டு விரலை நுழைத்துக் காட்டினார். "முகமூடி அப்படியேதான்க்கா இருக்கு. அம்மா முகம்தான் சின்னதாயிருச்சு. இப்படியே போனா கதிர் சரியான இடத்துல விழாது. டாக்டரைப் பாத்துட்டு டயட்டீஷியன்கிட்ட போங்க." மறுபடி ஸ்கேன் எடுத்து, புது முகமூடி செய்து, கணக்கையும் புதிதாகப் போட்டார்கள். சிகிச்சை பாதியில் நின்று நின்று போனால் பலன் குறையும் என்று டாக்டர் சொன்னபோதுதான், நான் அடுப்பில் வைப்பதும் சிகிச்சையில் சேர்த்தி என்று எனக்கு உறைத்தது.

அடுத்தது டயட்டீஷியன் தங்கச்சிக்கு. வயதில் என்னைவிடப் பத்து வருடம் சின்னவர். நான் கொடுத்துவந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டு எழுதிக்கொண்டார், ஆனால் ஒரு வார்த்தை திட்டவில்லை. காகிதத்தைத் திருப்பி என் பக்கம் வைத்து, "அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 1,500 கலோரி, 60 கிராம் புரதம் வேணும்க்கா. இதுல புரதம் பத்து கிராம் தேறாது. வயிறு தண்ணியில நெறயுது, உடம்பு தன் சதையவே கரைச்சுத் திங்குது" என்றார். சர்க்கரையைப் பற்றியும் பயந்து பயந்து கேட்டேன். நாம் இனிப்பை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது, உடம்பு வேறெதிலிருந்தாவது சர்க்கரையை உண்டாக்கிக்கொள்ளும், கரைவது அம்மாவின் தசைதான் என்று பொறுமையாக விளக்கினார்.

அவர் போட்டுத் தந்த கணக்கு இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் ஒரு லிட்டர், அதில் புரதம் சுமார் 30 கிராம். நன்றாக வெந்த முட்டை மூன்று, 18 கிராம். பொரிகடலை மாவு 50 கிராம், பத்து கிராம். ஆக 58. அதன்மேல் சர்க்கரை நாலு ஸ்பூன், எண்ணெய் இரண்டு ஸ்பூன். பக்கத்துக் கடையில் கிடைக்காத பொருள் ஒன்றுகூட அதில் இல்லை. ஆயிரக்கணக்கில் விலை போட்ட புரத டப்பா வாங்க வேண்டியிருக்குமோ என்று பயந்துபோய் உட்கார்ந்திருந்த எனக்கு, அந்தச் சீட்டைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. (இது என் அம்மாவுக்கான கணக்கு. அம்மாவுக்குச் சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ கிடையாது. இருப்பவர்களுக்குக் கணக்கு மாறும். தயவுசெய்து உங்கள் டயட்டீஷியனிடம் எழுதி வாங்குங்கள்.)

அப்புறம் குழாய். இனி வாய்வழியாக இவ்வளவும் போகாது, மூக்குவழியாகக் குழாய் போட வேண்டும் என்றார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. எங்கள் பக்கம் மூக்கில் குழாய் போட்டுவிட்டார்கள் என்றால், சொந்தபந்தத்துக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். "என்னைய ஊருக்குக் கூட்டிட்டுப் போயிரு, அங்கேயே கிடக்கிறேன்" என்று இரண்டு நாள் ஒரே பிடிவாதம்.

பரிசோதனைக்கு வந்திருந்த அந்த டிரைவர் அண்ணனுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? அவருக்கும் இதே நோய், கரண்டு முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வராந்தாவில் நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, தூக்குவாளியோடு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உள்ளே இரண்டு இட்லி, ரசத்தில் ஊறிப்போய் இருந்தது. ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, மெதுவாக மென்று, தண்ணீர் ஒரு மடக்குக் குடித்து விழுங்கினார். ஒரு இட்லி முடிய கால் மணி நேரம் ஆனது. அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு மூக்கின் ஓரத்தைத் தொட்டுக் காட்டி, "எனக்கும் ரெண்டு மாசம் இங்கதாம்மா குழாய் இருந்துச்சு. போட்டாங்க, எடுத்துட்டாங்க. அவ்வளவுதான்" என்றார். அன்று சாயங்காலமே அம்மா சரி என்றார். அண்ணே, உங்கள் ஊர்கூட எனக்குத் தெரியாது. இது எப்படியாவது உங்கள் கண்ணில் பட வேண்டும்.

குழாயில் ஊற்றக் கற்றுக்கொடுத்த சிஸ்டருக்கு நன்றி. முதல் நாள் என் கை நடுங்கியது. அவர் பின்னால் நின்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். படுக்க வைத்து ஊற்றக் கூடாது, நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். குழாயில் போட்ட அடையாளம் மூக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சிரிஞ்சியின் தண்டை எடுத்துவிட்டு, புனல் மாதிரி பிடித்து ஊற்றினால் தானாக இறங்கும், அழுத்தித் தள்ளக் கூடாது. முடிந்ததும் 50 மில்லி தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பால் திரிந்து அடைத்துக்கொள்ளும். ஊற்றிய பிறகு அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது. இவ்வளவையும் மூன்று தடவை என்னையே செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். குழாய் இருக்கிறதே என்று வாயை மறந்துவிடக் கூடாது என்றும் சொன்னார். தினமும் சில மடக்குத் தண்ணீராவது விழுங்கிப் பழக வேண்டுமாம், இல்லாவிட்டால் தொண்டை விழுங்குவதையே மறந்துபோகும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து வைத்து, பகலெல்லாம் கொப்பளிக்கச் சொன்னதும் அவர்தான்.

காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு எட்டு வேளை. எட்டு வேளையும் அரைத்து, வடிகட்டி ஊற்ற வேண்டும். எங்களிடம் மிக்ஸி இல்லை. வீட்டுக்கார அத்தை, உங்கள் மிக்ஸியைத் தூக்கி வந்து எங்கள் அறையில் வைத்துவிட்டு, பத்து நாள் நீங்கள் அம்மியில் அரைத்தது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. டீக்கடை அண்ணன் காலை ஐந்தரைக்கே எங்களுக்கென்று பால் பாக்கெட் எடுத்து வைத்து, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சியும் கொடுத்தார். ஊசியால் ரத்த அணுக்கள் குறைந்திருந்த நேரம் அது. வெளியில் பிழிந்த சாறு, பழைய சாப்பாடு எதுவும் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து அவர் எங்களுக்கென்று தனிப் பாத்திரமே வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கார அத்தையின் பேரனுக்கும் ஒரு நன்றி. அம்மாவின் வாய் திறக்காமல் இறுகிவிடாமல் இருக்க ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவில் வைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. வாரத்துக்கு ஒரு குச்சியாவது கூட வேண்டும். அந்தச் சின்னப் பையன் பள்ளிக்கூட வாசலில் பொறுக்கிய குச்சிகளை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுவந்தான். நாங்கள் அதை மறுபடி வெந்நீரில் கொதிக்கவிட்டோம். ஒன்பது குச்சியில் தொடங்கி இப்போது பதினைந்து.

பெரியப்பாவுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். முள் சீத்தா இலைக் கஷாயத்தோடு ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தார். ஊசி ஓடும்போது எங்களைக் கேட்காமல் எந்தக் கஷாயமும் வேண்டாம், மருந்தோடு சேர்ந்து கல்லீரலையும் சிறுநீரகத்தையும் படுத்திவிடலாம் என்று டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பாட்டிலை மூடிப் பையில் வைத்துவிட்டு, "அப்ப என்ன கொண்டு வரணும், சொல்லு" என்றார். அடுத்த வாரத்திலிருந்து வாராவாரம் வைக்கோல் சுற்றிய கூடையில் இருபத்தைந்து முட்டை வந்தது. முட்டை ஆகாது என்று முதலில் சொன்னவரும் அவர்தான். தான் சொன்னதை மாற்றிக்கொள்ள வயதான ஆளுக்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

44 கிலோ 300 வரை போன எடை அங்கேயே நின்றது. 30 கரண்டும் ஒரு நாள்கூட விடுபடாமல் முடிந்தன. அடுத்த ஐந்து வாரத்தில் 46 கிலோ 200. வாய் இன்னும் வறண்டுதான் இருக்கிறது, கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில் உண்டு. காரம் சுத்தமாக முடியாது. ருசி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நேற்று பருப்புச் சோற்றைக் குழைய மசித்து நெய் விட்டுக் கொடுத்தேன், ஒரு கிண்ணம் உள்ளே போனது.

அத்தை, இதை மட்டும் நேரில் சொல்லாமல் வந்துவிட்டேன். உங்கள் மிக்ஸியைத் திருப்பிக் கொடுத்த பிறகு நாங்கள் வாங்கிய மிக்ஸியை ஊருக்குக் கொண்டுவரவில்லை. அந்த அறையின் அலமாரியில், கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். கூடவே ஒரு வடிகட்டியும், டயட்டீஷியன் தங்கச்சி எழுதித் தந்த சீட்டின் நகலும் இருக்கின்றன. அடுத்து அங்கே தங்க வருபவர்களிடம் எடுத்துக் கொடுங்கள். மிக்ஸியின் சின்ன ஜாடி மூடி மட்டும் கொஞ்சம் லூஸ், கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அரைக்கச் சொல்லுங்கள்.

அன்போடும் நன்றியோடும்,
அம்மாவும் நானும்