அக்காவுக்கு, அந்தச் செற்றி பற்றி

அக்கா,

அப்பாவின் ஆண்டுத் திவசம் முடிந்துவிட்டது. போன் எடுத்தால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால்தான் எழுதுகிறேன். ஊர் பார்க்க ஏன் என்று கேட்பாய். தனியாக அனுப்பினால் பாதி வாசித்துவிட்டு "பிறகு கதைப்பம்" என்று போடுவாய். நாலு பேர் பார்க்கிற இடம் என்றால் முழுதாக வாசிப்பாய். மாமிமாரும் வாசிப்பார்கள். ஆகவே வீட்டு உறுதிப் பத்திரத்தைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை.

உன் கலியாணத்துக்கு அப்பா செய்த அந்த மெத்தைக் கதிரையை, செற்றியை, லண்டனுக்கு அனுப்பப் போவதில்லை.

வெளியாட்களுக்காக ஒரு வரி: மட்டக்களப்பில் சீதனம் என்றால் வீடு, அது பெண்பிள்ளைக்கு. கல்லடி வீடு அக்காவுக்கு என்று எப்போதோ முடிவான விசயம். செற்றிதான் 2010 இல் புதிதாக வந்த ஆசை. மாப்பிள்ளை லண்டன் என்றால் கதிரையும் லண்டனாக இருக்க வேண்டாமா? கொமினிகேஷன் கடையில் பிரின்ற் எடுத்த படத்தோடு வந்து நின்றாய். இரண்டு பேர் ஒட்டி இருக்கிற அளவு, மெத்தை வைத்தது, மரத்தின் ரேகைக்குள் மட்டும் வெள்ளை ஏறிய ஓக் கட்டை.

ஓக்குக்கு இங்கே எங்கே போவது? அப்பா முதலில் முதிரை மரத்தை எடுத்தார். அதன் ரேகை நெருக்கம், வெள்ளை உள்ளே இறங்கவில்லை. பிறகு தேக்கு. அந்த நாட்டில் முன்பு மரத்தைப் பூச்சி அரிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு தேய்ப்பார்கள் என்று நீ சொன்னதைக் கேட்டு, அம்மாவின் வெற்றிலை வட்டாவில் இருந்த சுண்ணாம்பையே ஒரு துண்டில் தேய்த்தார். விடியப் பார்த்தால் தேக்கு கறுத்துப் போயிருந்தது. "தேக்குக்குப் பவுடர் பூச வந்திரிக்காள்" என்று முணுமுணுத்தார். ஆனால் விடவில்லை.

கம்பி பிரஷால் ரேகையோடு இழுத்து, மென்மையான பகுதியைச் சுரண்டி எடுத்தார். மெல்லிசாக ஒரு பொலிஷ். அது காய்ந்ததும் ரெப்பன்டைன் கலந்த வெள்ளைப் பெயின்ற். இறுகுவதற்கு முன் சீலைத்துண்டால் ரேகைக்குக் குறுக்கே துடைக்க வேண்டும். ரேகையோடு துடைத்தால் உள்ளே போனதும் வெளியே வந்துவிடும். குறுக்கே, குறுக்கே என்று சொல்லிச் சொல்லி என் கையைப் பிடித்துத் திருப்பினார். துடைக்கத் துடைக்க மரம் திரும்பத் தெரிந்தது, வெள்ளை கோடு கோடாக உள்ளே நின்றது. அவ்வளவு வடிவு.

நீ வாசலில் நின்று படத்தையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்தாய். "இன்னும் கொஞ்சம் வெள்ளை வேணும் அப்பா."

வேலை கொடுத்த எவனும் அப்பாவிடம் அப்படிச் சொல்லித் தப்பியதில்லை. அன்றைக்கு ஒரு பேச்சும் இல்லை. ரெப்பன்டைனை ஊற்றி முழுவதையும் துடைத்து எடுத்தார். மறுபடி கம்பி பிரஷ். சந்தோசமாகச் செய்தார் அக்கா, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் கலியாண அல்மாரியின் கதவு சரிந்திருக்கிறது என்று நான் சொன்னபோது, "பூட்டினால் சரியாகும்" என்றார். இன்றைக்கும் சரிந்துதான் இருக்கிறது.

நீ அதில் இருந்தது கலியாணப் படத்துக்கு மட்டும். விசா வந்தது, போனாய். 2011 தை வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது அப்பா என்னைக் கூப்பிட்டது செற்றியை மேசைமேல் தூக்க. என் தையல் மெஷின் தண்ணீரில் நின்றது. அப்புறம் அம்மா பாசத்தில் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து செற்றியின் இடது கைபிடியை மஞ்சளாக்கினா. அதற்கும் ஏச்சு வாங்கியது நான்தான்.

போன மாதம் ஸ்பொஞ்ச் தூளாகக் கொட்டத் தொடங்கியதும் பிரித்தேன். தும்புக்குக் கீழே, குறுக்குச் சட்டமாக, அந்தக் கறுத்த தேக்குத் துண்டு. மனிசன் ஒன்றையும் எறியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. உனக்குச் சொல்லத்தான் போனை எடுத்தேன். அதில் உன் மெசேஜ்: அளவு என்ன, லொறிக்கு எவ்வளவு, கப்பலுக்கு எவ்வளவு. கடைசியில், "அது என்ட தானே."

உன்னுடையதுதான். நான் மறுக்கவில்லை, மாமிமார் குறித்துக்கொள்ளட்டும்.

கோவிக்காதே. கோவித்தாலும் அனுப்ப மாட்டேன். ஹீற்றர் போட்ட வீட்டில் தேக்கு காய்ந்து வெடிக்கும் என்று ஒரு சாட்டுச் சொல்லலாம். அதற்காக இல்லை. அம்மாவுக்கு இப்போது வேறு எந்தக் கதிரையில் இருந்தாலும் எழும்ப ஆள் வேண்டும். இதில் மட்டும் கையை ஊன்றித் தானாக எழும்புகிறா. அப்பா உன் உயரத்துக்கு அளந்து வைத்த கைபிடி அது. நீயும் அவவும் ஒரே உயரம் என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. எனக்கு அது கொஞ்சம் பதிவு, உயரம் காணாது.

புதுச் சீலை காத்தான்குடியில் எடுத்தேன். கத்தரிப்பூ நிறம், உனக்குப் பிடிக்காது. லொறிக்காரனுக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. நீ அனுப்பிய முற்பணத்தில் சீலைக்கும் ஸ்பொஞ்சுக்கும் கூலிக்கும் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிப் போடுகிறேன். பில் இருக்கிறது, வேண்டுமென்றால் படம் எடுத்து அனுப்புகிறேன்.

தங்கச்சி