பாராடாங் குகைகளைச் செய்தது எரிமலை அல்ல, மழை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதச் சுற்றுலா இணைப்பில் அந்தமானுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நன்றி. ஆனால் பாராடாங் தீவின் குகைகளை "ஒரு காலத்தில் எரிமலைக் குழம்பு ஓடி உண்டாக்கியவை" என்று எழுதிய அந்த ஒரு வரியை என்னால் விழுங்க முடியவில்லை.

எங்கிருந்து இந்தக் குழப்பம் வந்திருக்கும் என்று புரிகிறது. பாராடாங்கில் சேற்று எரிமலை உண்டு. ஆனால் அது பூமிக்கடியில் இருக்கும் வாயு சேற்றை மேலே தள்ளுவது. அதில் எரிமலைக் குழம்பு கிடையாது. நெருப்பு கக்கும் எரிமலை பாரன் தீவில் இருக்கிறது, போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கி.மீ. தள்ளி, நடுக்கடலில். இரண்டையும் ஒன்றாக்கி, சம்பந்தமே இல்லாத சுண்ணாம்புக் குகையில் கொண்டுபோய் வைத்துவிட்டார் உங்கள் கட்டுரையாளர்.

தாங்கள் அறியாததல்ல. மழைநீர் காற்றிலும் காட்டு மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. சுண்ணாம்புப் பாறையின் விரிசலில் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பாறையைக் கரைத்து வழி செய்துகொள்கிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை கொட்டும் தீவில் அதற்கு வேலைக்கா பஞ்சம்? உள்ளே வெற்றிடம் உண்டான பிறகு அதே நீர் கூரையிலிருந்து சொட்டும்போது வாயு பிரிந்துபோய், கரைந்திருந்த சுண்ணாம்பு திரும்பப் படிகிறது. கடினநீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சங்கதிதான். கூரையில் தொங்குவது கல்விழுது, தரையிலிருந்து எழுவது கல்முளை. பள்ளிப் புவியியல் பாடத்தில் இருப்பதுதான். விழுதுகள் பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் வளரும். ஒரு விரல் நீளத்துக்குப் பல நூறு ஆண்டுகள்.

ஒரு வரித் தவறுக்கு இவ்வளவு கோபமா என்று நினைக்கலாம். இந்த வாரம் உறவினர் குடும்பம் ஒன்றைக் கூட்டிக்கொண்டு அங்கே போயிருந்தேன். படகுத்துறையிலிருந்து காட்டுவழி நடந்து குகைக்குள் நுழைந்தால், சென்னையிலிருந்து வந்த ஒருவர் விழுதைக் கையால் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்கிறார். "தொடாதீங்க சார், கை எண்ணெய் பட்டா அப்புறம் அது வளராது" என்று வழிகாட்டிப் பையன் கெஞ்சுகிறான். அவர் உங்கள் இணைப்பை எடுத்து நீட்டி, "எரிமலைப் பாறைப்பா, பேப்பர்லயே போட்டிருக்கான், இதுக்கு என்ன ஆகும்?" என்றார். அந்தப் பையனிடம் பதில் இருந்தது. ஆனால் அச்சில் வந்த வரிக்கு முன்னால் அவன் சொல் எடுபடவில்லை. கைபட்டுக் கறுத்துப்போன விழுதுகளை நான் ஆசிரியராக மாணவர்களைக் கூட்டிப்போன காலத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கறை ஏறுகிறதே தவிர இறங்குவதில்லை.

நீல் தீவின் இயற்கைப் பாலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே குடியேறிய வங்காளிகள் ஹவுரா பாலம் என்று பெயர் வைத்த அந்த வளைவின் "உச்சியில் ஏறிப் படம் எடுக்கத் தவறாதீர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பழைய பவளச் சுண்ணாம்பு. அடியில் அலை மோதி அரிக்கிறது. பாறையில் ஒட்டி வாழும் நத்தை வகைகள் பாசிக்காகச் சுரண்டுகின்றன. மேலே மழை கரைக்கிறது. எந்த அரிப்பு அதைத் துளைத்து வளைவாக்கியதோ, அதே அரிப்பு ஒருநாள் அதை விழவைக்கும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா கரையில் லண்டன் பாலம் என்று பெயர் பெற்ற பாறை 1990 ஜனவரியில் உடைந்து, அதன் மீது நின்ற இருவரை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது. மால்டாவின் அஸூர் விண்டோ 2017 மார்ச்சில் ஒரு புயலில் முழுதாகப் போனது. இவற்றுக்கெல்லாம் உங்கள் பத்திரிகையிலும் செய்தி வந்திருக்குமே!

சரி, எங்கள் தீவுகளைச் சரியாகக் கவனிக்காமல் எழுதுவது புதிதல்ல. 2004 சுனாமியின்போது வடக்கு அந்தமானில் நிலம் உயர்ந்து பவளப்பாறை நீருக்கு மேலே வந்தது. எங்கள் போர்ட் பிளேர் பக்கம் நிலம் தாழ்ந்து சிப்பிகாட் வயல்களில் கடல் நின்றது. கடலடிப் பாறை எப்படிக் கரைக்கு வருகிறது, கரை எப்படிக் கடலாகிறது என்று கண்ணெதிரே நடந்தது. அதை அன்று நான் படித்த எந்தத் தமிழ்ப் பத்திரிகையும் நின்று எழுதவில்லை. நிக்கோபார் எது, அந்தமான் எது என்றே பலருக்குக் குழப்பம். இங்கே தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்கிறோம். உங்கள் பத்திரிகை கப்பலில் தாமதமாக வந்த காலத்திலும் காத்திருந்து வாங்கிப் படித்தவர்கள் நாங்கள். புயல் வந்தால் ஒரு செய்தி, நடிகர் வந்தால் நான்கு படம், மற்றபடி இந்தத் தீவுகளை நீங்கள் நினைப்பதேயில்லை. எழுதுவதற்கு முன் இங்குள்ள ஒருவரை ஒருமுறை கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்ல மாட்டோமா?

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் போடுங்கள்: பாராடாங் குகைகள் மழைநீர் கரைத்த சுண்ணாம்புக் குகைகள், விழுதுகளைத் தொடக் கூடாது. நீல் தீவுப் பாலத்தை, நீர் வற்றிய நேரம் விசாரித்துக்கொண்டு போய்ச் சற்றுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும்; மேலே ஏறக் கூடாது. அந்த வழிகாட்டிப் பையன் நறுக்கி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும்படி, சற்றுப் பெரிய எழுத்தில் போட்டால் நல்லது. இடம் போதவில்லை என்றால் என் கடிதத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டுங்கள், திருத்தத்தை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
போர்ட் பிளேர்